நாகூர் ஆண்டவர் வைத்த பெயர்

மரண அறிவித்தல் மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் ஆசிரியர் ஆள் அனுப்பியிருந்தார். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். எழுதுவதென்றால் எனக்குத் தைரியம் கிடையாது. முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகு, சொன்ன விதம் மரியாதைக் குறைவாகப் போயிருக்குமோ என்று அன்று முழுவதும் மனது அரித்துக்கொண்டே இருந்தது. அதற்கு எழுதிவிடுவதே மேல் என்று உட்கார்ந்திருக்கிறேன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், ஆனால் எனக்குச் சொல்லாதீர்கள்.

எழுத்துக் கோப்பதும், கோத்த பக்கத்தைப் பாரமாகக் கட்டி இயந்திரத்தில் ஏற்றுவதும் அச்சுக்கூடத்தில் இருப்பவர்களே சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வந்தது பெயரைப் பற்றி. சாவுச் செய்தியில் ஊரைத் தப்பாகப் போட்டால் ஜனங்கள் சிரிப்பார்கள். தொழிலைத் தப்பாகப் போட்டால் சண்டைக்கு வருவார்கள், பிறகு போய்விடுவார்கள். பெயரைத் தப்பாகப் போட்டால் மட்டும் ஆறாது. திருத்திச் சொல்ல வேண்டிய மனிதர் இனி வரப்போவதில்லை அல்லவா?

வெள்ளைக்காரர்களைப் போல நமக்குத் தலைமுறை தலைமுறையாய் ஒட்டிக்கொண்டு வரும் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்து மகன் பெயருக்கு முன்னால் நிற்கும். பேரன் காலத்தில் அந்த எழுத்து உதிர்ந்து வேறு எழுத்து வந்து நிற்கும். கடற்கரை ஊர்களிலிருந்து வந்த முஸ்லிம்களுக்கு ஊரில் ஒரு வீட்டுப் பெயர் இருக்கும், இங்கே கடைப்பெயர் ஒன்று இருக்கும், அதற்கு மேல் மரைக்காயர், ராவுத்தர், லெப்பை என்று வம்சத்தைச் சொல்லும் பட்டம் ஒன்று இருக்கும். இத்தனையையும் கொண்டுபோய் இங்கிலீஷ் ஆபீசில் நிறுத்தினால், அங்கே ‘சர்நேம்’ என்று ஒரே ஒரு கட்டம். குமாஸ்தா என்ன செய்வான்? கடைசியில் எது நிற்கிறதோ அதைத் தூக்கி உள்ளே போட்டுவிடுவான்.

ஒரு நாள் காலை இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றில், மிஸ்டர் மரைக்காயர், வியாபாரி, காலமானார் என்று வந்தது. அவ்வளவுதான். எந்த மரைக்காயர் என்று இல்லை. மார்க்கெட் வீதிப் பக்கம் போனால் அந்தக் காலத்தில் இரண்டு கடைக்கு ஒரு கடை மரைக்காயர் கடை. எங்கள் பத்திரிகைக்குச் செய்தி வேண்டுமென்று நான் ஓடினேன். பெரிய ஜவுளிக்கடை ஒன்றின் வாசலில் கூட்டம். கடைக்காரர் மெத்தைமேல் நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“வாங்க வாங்க. நீங்களும் துக்கம் கேக்கத்தானே வந்தீங்க?”

“ஐயா, நீங்க…”

“நேத்தே போயிட்டேனாம். காலையிலேருந்து ஒவ்வொருத்தருக்கும் இல்லை இல்லைன்னு சொல்லியே பாதி உசுரு போயிருச்சு. உக்காருங்க, கோப்பி வரும்.”

“மறுப்புப் போட்டுடலாம்ங்க.”

“அதுக்கு முன்னாடியே என் மச்சான் பினாங்குக்குத் தந்தி அடிச்சுட்டான். அங்கேருந்து ஆளுங்க கப்பல் ஏறிட்டா என்ன பண்றது? வந்தவங்களுக்காக நான் சாகவா முடியும்?”

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு விசாரித்துக்கொண்டு போனபோதுதான் தெரிந்தது. இறந்தவர் நாலு சந்து தள்ளி ஒரு மாடி அறையில் இருந்த வயசாளி. அத்தர் விற்றுப் பிழைத்தவர். துக்கம் கேட்க வந்த கூட்டமெல்லாம் உயிரோடிருப்பவர் கடையில் கோப்பி குடித்துக்கொண்டிருக்க, அந்த அறை வாசலில் இரண்டு ஜோடிச் செருப்புதான் கிடந்தது. அதிலிருந்து எனக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. பெயரை எழுதி முடித்தாலும் திரும்பப் போய் எழுத்துக் கோத்ததைப் பார்ப்பேன். வீட்டுக்குப் போகும் வழியில் பாதியில் நின்று, “அப்துலாவா, அப்துல்லாவா?” என்று யோசித்துத் திரும்பி வருவேன். அச்சுக்கூடத்தில் எனக்குப் பட்டப்பெயரே ‘மறுபடியும்’ என்பதுதான்.

இனிச் சொல்லப்போவதுதான் நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம்.

அப்போது எங்கள் ஆபீஸ் சிராங்கூன் சாலையில் ஒரு மாட்டுத் தீவனக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. வாரப் பத்திரிகை. பாரம் ஏறும் நாளன்று காலையில், தரும ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பியூன் ஒருவர் வீட்டுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்ப்பார். கேட்பாரற்று இறந்துபோன தமிழர்களின் பெயரைச் சொல்வார். காசு வாங்காமல் போடுவோம். உறவுக்காரர் யாராவது கண்ணில் படட்டும் என்றுதான்.

“இன்னிக்கு ஒருத்தர்தான்,” என்றார் அன்று. “நாகூர் மீரான்னு பேரு. காய்ச்சல்ல வந்தவரு, பேச்சே இல்லாமக் கெடந்தாரு. விடியல்ல போயிட்டாரு. ராவுத்தருக்குச் சொல்லி அனுப்பி, அவரு ஆளுங்களும் வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்க. பகல் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்.”

ராவுத்தர் என்றால் எங்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் ஒருவர்தான். மளிகைக் கடை வைத்திருந்தார். ஆளில்லாமல் இறந்துபோகும் முஸ்லிம்களைப் பள்ளிவாசலுக்கு எடுத்துப்போய்க் குளிப்பாட்டி அடக்கம் செய்வதை ஒரு கடமையாகவே செய்துவந்தார்.

நாகூர் மீரா காலமானார் என்று இரண்டு வரி எழுதி எழுத்துக் கோப்பவரிடம் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து மாடிப்படியில் ஒரு பெண் வந்து நின்றாள். முப்பது வயது இருக்கும். சேலை முந்தானையில் வைக்கோல் தூசி. கண்டாங் கெர்பாவ் பக்கத்து மாட்டுக் கொட்டில்களில் வேலை செய்கிறவள் என்று பார்த்தவுடனே தெரிந்தது. உள்ளே வரவில்லை.

“இங்கதான் செத்தவங்க பேரெல்லாம் வருமாமே?”

“வரும். யாரைத் தேடறீங்க?”

“ஐயோ, எங்க வீட்டுக்காரரு சாவல. ஆஸ்பத்திரில இருக்காரு. தெனமும் போய் வாசல்ல விசாரிச்சுட்டு வருவேன், அங்க இருக்கற ஆளுக்கு என் மூஞ்சி தெரியும். இன்னிக்குப் புது ஆளு. அப்படி ஒருத்தரே இல்லைங்கறான். கீழ தீவனக்கடை அண்ணன்தான் சொன்னாரு, மேல போயி, செத்தவங்கள்ல இல்லைன்னு கேட்டுக்க, மனசு நிம்மதியாவும்னு.”

இல்லை என்று கேட்டுக்கொண்டு போக வந்தவள். சரி என்று பேனாவை எடுத்தேன்.

“பேர் என்ன?”

தலையைக் குனிந்துகொண்டாள்.

இது உங்களுக்கும் அடிக்கடி நேரும். நம் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். வெட்கம் என்று நினைக்காதீர்கள். அது பயம். சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று நம்புகிறவர்கள்.

“சாமி பேரா?” என்று கேட்டேன்.

“சாமி குடுத்த பேரு.”

“முருகனா? வேலன்? ஆறுமுகம்?”

இல்லை என்று தலையாட்டினாள். மாரிமுத்து, வீரன், ஐயனார் என்று வரிசையாகச் சொன்னேன். எதற்கும் ஆமென்று இல்லை. உள்ளேயிருந்து எழுத்துக் கோப்பவர், “கருப்பனான்னு கேளுங்க. எங்க கூலி லயன்ல எந்தக் கதவைத் தட்டினாலும் ஒரு கருப்பன் வருவான்,” என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஆளு கறுப்புதான். ஆனா கருப்பன் இல்ல.”

எங்கள் ஆசிரியருக்குப் பொறுமை போயிற்று. தன் மேசையிலிருந்தே குரல் கொடுத்தார். “பேரைச் சொல்லும்மா. உன் புருஷன் ஆயுசைக் குறைச்சு இங்கே யாருக்கு என்ன லாபம்?”

“நீங்க சொன்னா குறையாதுங்க சாமி. நான் சொன்னாத்தான் குறையும்.”

எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. “நீங்க சொல்ல வேண்டாம்,” என்றேன். “அவங்க அம்மா எப்படிக் கூப்பிடுவாங்க? அதைச் சொல்லலாமில்ல?”

“அத்தையா?” முகம் மலர்ந்துவிட்டது அவளுக்கு. “அடே பிச்சைக்காரா, சோறு திங்க வாடான்னுதான் கூப்புடுவாங்க. அவருக்கு முன்ன பொறந்தது ஒண்ணும் தங்கலையாம். இவரை நாகூர்ல ஆண்டவர் சந்நிதியில கெடத்தி, நீயே வெச்சுக்கன்னு குடுத்துட்டு, அப்புறம் தவிட்டைக் குடுத்துத் திருப்பி வாங்கினாங்களாம். மடிப்பிச்சை எடுத்த அரிசியிலதான் மொத சோறு ஊட்டினாங்களாம். அந்தப் பேருதான். நாகூர் ஆண்டவர் வெச்ச பேரு.”

“பக்கிரி,” என்றேன்.

அப்பாடா என்று தலையாட்டினாள்.

உங்களில் இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது விசித்திரமாக இருக்கலாம். நாகப்பட்டணம் பக்கத்தில் இந்துக்கள் நாகூர் தர்காவுக்கு நேர்ந்துகொள்வது சாதாரணம். பிள்ளை தங்காத வீட்டில் தங்கிய பிள்ளைக்குப் பக்கிரி, பிச்சை என்றெல்லாம் பெயர் வைப்பார்கள். எமன் கேவலமான பெயரென்று தாண்டிப் போய்விடுவான் என்று ஒரு கணக்கு. பக்கிரிசாமி என்று விபூதி பூசிக்கொண்டு வருகிறவரை எந்தக் கட்டத்தில் அடைப்பீர்கள்? பெயரைப் பார்த்து மதம் சொல்ல முடியாது, சாதி சொல்ல முடியாது. அவனை உயிரோடு வைத்துக்கொள்ள யார் என்ன பாடுபட்டார்கள் என்பதை மட்டும் சில சமயம் சொல்லலாம்.

பெயர் கிடைத்துவிட்டது. அந்தப் பெயரில் யாரும் இறக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, என் வழக்கமான அரிப்பு என்னை விடவில்லை. இன்னொரு கேள்வி கேட்டேன்.

“ஆஸ்பத்திரியில சேர்த்தப்போ பேர் கேட்டிருப்பாங்களே. என்ன சொன்னீங்க?”

“இதையேதான் சொன்னேன். நாகூர் ஆண்டவர் வெச்ச பேருன்னு. அந்த ஐயா தலையாட்டிட்டு எழுதிக்கிட்டாரு.”

பின்னால் எழுத்துக் கோப்பவரின் கை டக் டக்கென்று நகர்ந்துகொண்டிருந்தது. நாகூர் மீரா.

பிள்ளைகளே, இந்த மாதிரி நேரத்தில் மேசையில் உட்கார்ந்து செய்யக்கூடியது இரண்டு. உன் புருஷன் போய்விட்டான் அம்மா என்று சொல்லிவிடலாம். நிஜமாகவே நாகூர் மீரா என்று ஒருவர் இருந்து, அவர் இறந்திருந்தால்? அந்தப் பெயருள்ளவர்கள் இந்த ஊரில் கொஞ்சமா நஞ்சமா? உயிரோடிருக்கும் புருஷனுக்காக ஒருத்தி தாலியைக் கழற்ற நான் காரணமாகிவிடுவேன். இல்லையென்றால், உங்கள் பக்கிரி பெயர் வரவில்லை, நிம்மதியாகப் போங்கள் என்று அனுப்பிவிடலாம். அதுவும் பொய் இல்லைதான். ஆனால் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பகல் தொழுகை முடிந்தால் மண் விழுந்துவிடும். அவள் புருஷன் எங்கோ இருக்கிறான் என்று ஆயுசுக்கும் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பாள்.

நிச்சயமில்லாத சாவை வாயால் சொல்லாதீர்கள். நிச்சயமில்லாத நம்பிக்கையையும் கொடுக்காதீர்கள். நாற்காலியை விட்டு எழுந்திருங்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடத்தான் முதலில் நினைத்தேன். அங்கே போனால் எழுதியிருப்பதைத்தான் திரும்பப் படிப்பார்கள். ஆள் இருப்பது பள்ளிவாசலில்.

“வாங்க,” என்றேன். “ராவுத்தர் ஐயாகிட்டக் கேட்டுப் பாப்போம்.”

“சாயபுகிட்டயா? எதுக்கு?”

“ஆஸ்பத்திரி ஆளுங்களை அவருக்கு நல்லாத் தெரியும்.”

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு படியிறங்கினாள்.

“ஓய், பாரம் ஏறப் போகுது. எங்கே கிளம்பறீர்?” என்று ஆசிரியர் கத்தினார்.

“அந்த நாகூர் மீராவை எடுத்து வையுங்க ஐயா.”

“எடுத்துட்டு அந்த ரெண்டு வரி இடத்துல என்னத்தைப் போடறது? உம்ம தலையையா?”

“போடுங்க,” என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

கீழே ஒரு ரிக்‌ஷாவில் அவளை ஏற்றிவிட்டு, “சிப்பாட்லா, சீக்கிரம்,” என்று வண்டி இழுக்கும் சீனனை விரட்டினேன். அந்நிய ஆம்பிளையோடு ஒரே வண்டியில் அவள் உட்கார மாட்டாள், நானும் உட்கார மாட்டேன். ஆகவே வண்டியோடு ஒட்டியே ஓடினேன். வண்டியிலிருந்து அவள் பேசிக்கொண்டே வந்தாள். கட்டை வண்டியில் சரளைக்கல் ஏற்றிப் போகிற வேலையாம் அவருக்கு. மாடு நனைந்தால் தன் துண்டை எடுத்துத் துவட்டுவாராம், அவர் நனைந்தால் துவட்டிக்கொள்ள மாட்டாராம். அப்படித்தான் காய்ச்சல் வந்ததாம்.

“இப்ப வுட்டிருக்கும்ல? நேத்து ரெண்டு வாய் கஞ்சி எறங்குச்சுன்னு வாசல்ல இருக்கற ஆளு சொன்னாரு. கஞ்சி எறங்கினா தேறிடுவாங்கல்ல?”

ஓடியதில் எனக்கு மூச்சு வாங்கியது. பதில் சொல்லாமல் இருக்க அது ஒரு வசதியாயிற்று.

பள்ளிவாசல் முற்றத்தில் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். நிழலில் பிரேதத்தைச் சுமக்கும் சந்தூக்குப் பெட்டி வைத்திருந்தது. அதற்கு முன்னால் அடக்கத்துக்கு முந்தைய ஜனாஸா தொழுகைக்கு வரிசை சேர ஆரம்பித்திருந்தது. அவளை வாசல் கேட்டருகில் நிற்கச் சொல்லிவிட்டு நான் ராவுத்தரிடம் போனேன். என்னவென்று தொடங்குவது?

“ஐயா, இந்த நாகூர் மீராங்கறவரு…”

“முகம் பாக்கணுமா தம்பி?” என்றார் அவர். ஏன் என்று கேட்கவில்லை. அவர் கண் கேட்டுப் பக்கம் போயிற்று. “அந்தப் புள்ள யாரு?”

சொன்னேன். நாகூரில் நேர்ந்து பெற்ற பிள்ளை, பக்கிரி, இந்து, அவளால் பெயரைச் சொல்ல முடியவில்லை, நாகூர் என்ற சொல்லைக் கேட்டு ஆஸ்பத்திரிக்காரன் எழுதிக்கொண்டான், இவர்தானா என்பது எனக்கே நிச்சயமில்லை என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“குளிப்பாட்டினவங்க வெளிய வந்து என் முகத்தைப் பாத்தாங்க தம்பி. ஒண்ணும் சொல்லல. மையத்துல கண்டதை வெளிய சொல்லக் கூடாது, அது எங்க முறை. நானும் கேக்கல. யாரா இருந்தா என்ன, கேக்க ஆளில்லாத மனுசன், நாம எடுத்து வெச்சுருவோம்னு இருந்தேன். ஆளு இருக்குதுன்னா அது வேற.”

வரிசையில் நின்ற ஒருவர், “பாய், எல்லாரும் நின்னாச்சே,” என்றார்.

“நின்னா உக்காருங்க,” என்றார் ராவுத்தர். பிறகு கேட்டுப் பக்கம் திரும்பி, “உள்ள வா தாயி. பயப்படாதே,” என்று கூப்பிட்டார்.

அவள் செருப்பில்லாத காலைக் கேட்டுப் படியில் ஒருமுறை தேய்த்துத் துடைத்துவிட்டு வந்தாள். சந்தூக்கைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் நின்றுவிடவில்லை, நடந்து வந்தாள். ராவுத்தரே குனிந்து முகத்துணியை விலக்கினார்.

அழுவாள் என்று நினைத்தேன். அவள் உட்கார்ந்து, அந்த முகத்துக்கு நேரே குனிந்து, “பக்கிரி,” என்றாள்.

“ஏ பக்கிரி. பக்கிரி.”

இத்தனை வருஷம் வாய்க்குள்ளேயே வைத்திருந்த பெயர். தெருவுக்குக் கேட்கிற மாதிரி கூப்பிட்டாள். இனிக் குறைய ஆயுசு ஏது? வரிசையில் நின்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் பள்ளிவாசல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கூப்பிட்டு ஓய்ந்த பிறகு ராவுத்தர் சொன்னார், “உங்க முறைப்படி எடுத்துட்டுப் போ தாயி. சந்தூக்கும் எங்களுது, தோளும் எங்களுது. உங்க மயானத்து வாசல் வரைக்கும் நாங்க கொண்டாந்து விடறோம்.”

அவள் நிமிர்ந்தாள். “குளிப்பாட்டிட்டீங்களா?”

“ஆச்சு தாயி.”

“வெந்நீர்லயா?”

“வெதுவெதுப்பான தண்ணிதான். கற்பூரம் போட்டு.”

“அவருக்குப் பச்சத்தண்ணி ஆவாது,” என்றாள். அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.

தோள் கொடுத்தவர்களோடு நானும் நடந்தேன். மயானத்துக்கு அதற்குள் சேதி போய், வண்டிக்காரர்கள் சிலர் வந்திருந்தார்கள். ராவுத்தரின் ஆட்கள் வாசலில் இறக்கி வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். வண்டிக்காரர்களில் பெரியவர் ஒருவர் உடம்பில் சுற்றியிருந்த வெள்ளைக் கபன் துணியைப் பார்த்துவிட்டு, “இதென்ன, சாயபு துணியோடவா வெக்கறது? அவுத்துட்டு வேற சுத்துங்கப்பா,” என்றார்.

“வேற கொண்டாந்திருக்கியா மாமா?” என்று கேட்டாள் அவள்.

“இல்ல, சொன்னேன்…”

“கொண்டாரலல்ல? அப்ப சும்மா மம்முட்டியைப் புடி.”

அந்தத் துணியோடுதான் குழியில் வைத்தோம். திருநீறு பூசினார்கள், வாய்க்கரிசி போட்டாள். ராவுத்தரின் ஆட்கள் கடைசி வரை வாசலிலேயே நின்றார்கள். வெற்றுச் சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு அவர்கள் திரும்பிப் போனபோது அவள் எழுந்து நின்று கும்பிட்டாள்.

அந்த வாரப் பத்திரிகையில் ஒரு மூலையில் இரண்டு வரி இடம் வெறுமையாகவே வந்தது. அடுத்த பாரம் ஏறுவதற்கு முன் அவள் மறுபடி ஆபீஸுக்கு வந்தாள். இந்த முறை உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

“அவரு பேரைப் போடணும். நானே சொல்றேன், எழுதிக்குங்க.”

எழுதிக்கொண்டேன். கேட்க மறந்திருந்த ஒன்றை அப்போதுதான் கேட்டேன். “உங்க பேரு?”

“அஞ்சலை.”

“இப்படிக்குன்னு கடைசியில சொந்தக்காரங்க பேரையெல்லாம் போடுவோம். யார் யார் இருக்காங்க?”

“யாரு இருக்கா? நான் இருக்கேன்.” கொஞ்சம் யோசித்தாள். “அவரைக் குளிப்பாட்டினவங்க பேரைப் போடுங்க. நான் செஞ்சிருக்க வேண்டியது.”

அவள் போன பிறகு ஆசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார். “இந்து அறிவித்தல்ல இப்படிக்குன்னு சாயபுமார் பேரா? கோயில்காரன் ஒரு பக்கம் கேப்பான், பள்ளிவாசல்காரன் ஒரு பக்கம் கேப்பான். நடுவுல நம்ம கண்ணாடி ஜன்னல் உடையும், ஓய்.”

அவர் சொன்னதும் நியாயந்தான். எழுந்து ராவுத்தர் கடைக்குப் போனேன். அவர் புளி நிறுத்துக்கொண்டிருந்தார்.

“பேர் வேணாம் தம்பி,” என்றார் உடனே. “குளிப்பாட்டினவங்க யாருன்னு நாங்க சொல்லிக்கிறதில்ல. அது பேருக்காகச் செய்யற வேலையில்ல.”

“அப்ப அவங்ககிட்ட முடியாதுன்னு சொல்லிடட்டுமா?”

அவர் தட்டைக் கீழே வைத்தார். “அந்தப் புள்ளகிட்ட எப்படி முடியாதுன்னு சொல்லுவீங்க? நீங்க எழுத்துக்காரரு. பாத்துச் செய்யுங்க.”

எழுத்துக்காரனாம்! நாலாம் வகுப்பு. பேர் போடக் கூடாது, போடாமலும் இருக்கக் கூடாது. ஆபீஸுக்குத் திரும்பி வருவதற்குள் பத்து விதமாக எழுதிப் பார்த்து மனதுக்குள்ளேயே அடித்தேன். கடைசியில் எழுத்துக் கோப்பவரிடம் கொடுத்தது இதுதான்:

பக்கிரி, கட்டை வண்டி ஓட்டியவர், நாகப்பட்டணத்தார், காலமானார். இப்படிக்குத் துக்கத்துடன்: மனைவி அஞ்சலை, குளிப்பாட்டியவர்கள்.

யாரும் கல்லெறியவில்லை. யாரும் வந்து கேட்கக்கூட இல்லை. ஒரு மாதம் வரை யாராவது கேட்பார்கள் என்று நான் மட்டும் பயந்துகொண்டிருந்தேன்.

உங்களில் ஒரு பிள்ளை பழைய இதழ்களைப் புரட்டி, சாவு அறிவித்தல்களிலிருந்து குடும்பப் பெயர்களையும் வம்சப் பெயர்களையும் சிறு சிறு சமூகங்களின் பெயர்களையும் பொறுக்கித் தொகுக்கிறாராம். நல்ல காரியம். பெரிய மனிதர்களின் சரித்திரம் அதிலிருந்துதான் கிடைக்கும். போன பண்டிகையன்று கோயில் வாசலில் என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார்.

“ஐயா, மரைக்காயர் தெரியுது, ராவுத்தர் தெரியுது. ஒரு அறிவித்தல்ல மட்டும் குளிப்பாட்டியவர்கள்னு இருக்கே, அது எந்த ஊர்ச் சமூகம்? வேற எந்த இதழ்லயும் காணோமே. அச்சுப்பிழையா?”

கூட்டமாக இருந்தது, அங்கே நின்று சொல்லக்கூடிய கதையில்லை. தெரியலையே தம்பி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவருக்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அச்சுப்பிழை இல்லை, தம்பி. ஊர்ப் பெயரும் இல்லை, சாதிப் பெயரும் இல்லை. உங்கள் தொகுப்பில் எந்த எழுத்தின் கீழ்ச் சேர்ப்பது என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. உறவுமுறை என்று எழுதிக்கொள்ளுங்கள்.